விளையாட்டு விஞ்ஞானம் பயிலும் மாணவரின் தொழில் அவாக்களும் எதிர்பார்ப்புகளும்: கொழும்புத் தமிழ்ச் சூழலை முன்வைத்து ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

சர்வதேசத் தொழில் தாபனத்தின் சார்பில் பொருளியலாளர் டட்லி சியர்ஸ் தலைமையில் இலங்கையின் வேலையில்லாப் பிரச்சினையை ஆராய்ந்த குழு 1971 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. வேலைவாய்ப்புகளையும் எதிர்பார்ப்புகளையும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்தல் என்பதே அதன் தலைப்பின் சாரமாகும். அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்து இளைஞர் கிளர்ச்சி நாட்டை உலுக்கிய வேளையில் வெளிவந்த அவ்வறிக்கை, வேலையின்மை வெறுமனே வேலைகளின் தொகைக் குறைவால் மட்டும் விளைவதன்று என்பதைத் தெளிவுபடுத்திற்று. கல்வி தூண்டிவிட்ட எதிர்பார்ப்புக்கும் பொருளாதாரம் வழங்கக்கூடிய தொழிலுக்கும் இடையிலான முரண்பாடும் அப்பிரச்சினையின் ஒரு முகமாகும். 1976 இல் றொனால்ட் டோர் எழுதிய 'சான்றிதழ் நோய்' என்னும் நூலும் பிரித்தானியா, யப்பான், கென்யா ஆகியவற்றுடன் இலங்கையையும் உதாரணமாகக் கொண்டு இதே வினாவை வேறொரு கோணத்தில் எழுப்பியது. வேலைக்கு ஆட்களைத் தெரிவதற்குச் சான்றிதழே அளவுகோலாகும்போது, கற்பது அறிவதற்காக என்னும் நிலை மாறிச் சான்றிதழ் பெறுவதற்காக என்னும் நிலை தோன்றுகின்றது என்பது அவரது வாதம்.

அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் பெருகியுள்ளன, கற்கைநெறிகளும் பல்கியுள்ளன. தொழில்நோக்குடைய கற்கைநெறிகளைத் தொடங்கினால் பழைய முரண்பாடு தானாகவே தீரும் என்னும் நம்பிக்கையே இப்பெருக்கத்தின் பின்னணியில் நின்றது. விளையாட்டு விஞ்ஞானம் அவ்வாறு தோன்றிய புதிய துறைகளுள் ஒன்றாகும். அதனைப் பயில முன்வரும் இளைஞர் எதனை அவாவுகின்றனர்? எதனை எதிர்பார்க்கின்றனர்? அவர்கள் எதிர்கொள்ளும் தொழில் உலகம் எத்தகையது? இவ்வினாக்களைக் கொழும்பின் தமிழ்ப் பேசும் மக்கள் செறிந்து வாழும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளை மனத்திற் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அவாவும் எதிர்பார்ப்பும்

பேச்சுவழக்கில் அவா, எதிர்பார்ப்பு என்னும் இரு சொற்களையும் ஒரே பொருளில் வழங்குகின்றோம். தொழில்சார் உளவியலும் கல்விச் சமூகவியலும் இவ்விரண்டையும் வேறுபடுத்துகின்றன. தடைகள் எவையும் இல்லையெனின் ஒருவர் அடைய விரும்புவது அவா. தடைகளையெல்லாம் கணக்கிற் கொண்ட பின்னர் அடையக்கூடும் என அவர் நம்புவது எதிர்பார்ப்பு. தேசிய அணியின் பயிற்றுநராக வேண்டும் என ஒரு மாணவன் சொல்வது அவாவாகும். 'எப்படியும் ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர் நியமனம் கிடைக்கும்' என அவனே பிறிதொரு வேளையில் சொல்வது எதிர்பார்ப்பாகும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் எல்லோருக்கும் ஒரே அளவினதன்று. வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு அத்தூரம் குறுகியது. அவ்வாறு குறுகியிருப்பதனால் அப்பிள்ளை துணிந்து முயல்கின்றது. வறிய குடும்பத்துப் பிள்ளை உயர்ந்த அவாவைக் கொண்டிருப்பினும் தாழ்ந்த எதிர்பார்ப்புடனேயே வாழ்கின்றது. இது ஊக்கமின்மையின் விளைவன்று. தான் கண்ட உலகத்திலிருந்து அப்பிள்ளை பெற்ற பட்டறிவின் விளைவாகும்.

அல்பேர்ட் பண்டுரா 1977 இல் முன்வைத்த 'தன்னாற்றல் நம்பிக்கை' என்னும் கருத்தை ஆதாரமாகக் கொண்டு, லென்ற், பிறவுண், ஹக்கற் ஆகிய மூவரும் 1994 இல் தொழில் தெரிவு பற்றிய ஒரு கோட்பாட்டை உருவாக்கினர். 'என்னால் இதனைச் செய்ய முடியுமா?', 'செய்தால் என்ன கிடைக்கும்?' என்னும் இரு வினாக்களுக்கு ஒருவர் தமக்குள் கூறிக்கொள்ளும் விடைகளே அவரது விருப்பத்தையும் தெரிவையும் வழிநடத்துகின்றன என்பது அக்கோட்பாட்டின் மையக் கருத்தாகும். சூழலிலுள்ள தடைகளும் துணைகளும் அவ்விடைகளை இடையறாது திருத்தியமைக்கின்றன எனவும் அது கூறுகின்றது. விளையாட்டு விஞ்ஞான மாணவரைப் பொறுத்தவரை முதலாவது வினாவுக்கான விடை பெரும்பாலும் திடமானது. அவர்களுட் பலர் மைதானத்திலே தம்மை நிரூபித்தவர்கள். இரண்டாவது வினாவே அவர்களைத் தடுமாறச் செய்கின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாது 'இன்றைய மாணவருக்குத் தன்னம்பிக்கை போதாது' எனக் குறை கூறுவது பொருத்தமற்றது.

3. துறையின் வளர்ச்சி

விளையாட்டு விஞ்ஞானம் என்பது விளையாடக் கற்பிக்கும் கலையன்று. இயங்கும் மனித உடலையும், அதனை இயக்கும் மனத்தையும், அவ்வியக்கம் நிகழும் சமூகத்தையும் ஆராயும் பல துறைகளின் சேர்க்கையே அது. உடற்பயிற்சி உடற்றொழிலியல், உயிர்ப்பொறிமுறையியல், விளையாட்டு உளவியல், போசாக்கு, பயிற்றுவிப்பியல், முகாமைத்துவம் என்பன அதன் பிரதான கிளைகளாகும். 1922 ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசை ஒட்டோ மேயர்ஹோபுடன் பகிர்ந்துகொண்ட ஏ. வி. ஹில், ஓடுபவரின் உடல் உள்ளெடுக்கும் ஒட்சிசனை அளந்து, அதற்கு ஓர் உச்ச எல்லை உண்டெனக் காட்டினார். இன்று ஒரு வீரரின் தாங்குதிறனை மதிப்பிடப் பயன்படும் அளவீட்டுக்கு அவ்வாய்வே வித்திட்டது. 1927 முதல் 1947 வரை இயங்கிய ஹாவாட் பல்கலைக்கழகத்தின் களைப்பு ஆய்வுகூடம் வெப்பம், உயரம், உழைப்பு ஆகியன உடலைப் பாதிக்கும் வகையினை ஆராய்ந்தது. அங்கு ஆராயப்பட்டது விளையாட்டு வீரரின் களைப்பு மட்டுமன்று, தொழிலாளியின் களைப்புமாகும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

எமது பிராந்தியத்தில் இத்துறை உடற்கல்வியினூடாகவே வேரூன்றியது. ஹரி குறோ பக் 1920 இல் சென்னையில் நிறுவிய வை. எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரி தென்னாசியாவின் முன்னோடி நிறுவனமாகும். 1924 ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணிக்குப் பொறுப்பாக இருந்தவரும் அவரே. 1957 இல் குவாலியரில் லக்ஷ்மிபாய் கல்லூரியும், 1961 இல் பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவகமும் தொடங்கப்பெற்றன. தமிழ்நாட்டில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்குமெனத் தனிப் பல்கலைக்கழகம் ஒன்று 2005 இல் உருவாயிற்று.

இலங்கையில் 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் விளையாட்டுச் சங்கங்களை அரசின் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. நிருவாகத்துக்கு அன்றே சட்டம் பிறந்தது. விஞ்ஞானத்துக்கோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க மேலும் இரு தசாப்தங்களுக்கு மேற்பட்ட காலம் தேவைப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் பெலிஹுல்ஓயாவில் அமைந்த சப்ரகமுவ பல்கலைக்கழகம் விளையாட்டு விஞ்ஞானத்தையும் முகாமைத்துவத்தையும் இணைத்த பட்டக் கற்கைநெறியையும், உடற்கல்விக்கான பட்டக் கற்கைநெறியையும் வழங்கி வருகின்றது. ஶ்ரீ ஜயவர்த்தனபுர, களனி ஆகிய பல்கலைக்கழகங்களிலும் இத்துறை கற்பிக்கப்படுகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு விஞ்ஞானத்துக்கென ஓர் அலகு உண்டு. ஆகவே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் ஒரு மாணவருக்கு இத்துறையினுள் நுழையும் வாயில் இன்று திறந்தே உள்ளது. வெளியேறும் வாயில் எங்குத் திறக்கின்றது என்பதே எமது வினா.

4. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

கொழும்புத் தமிழரிடையே விளையாட்டு மரபு இல்லை எனக் கூறுவது வரலாற்றுக்கு முரணானது. 1899 இல் தொடங்கப்பெற்ற தமிழ் யூனியன் கழகத்தின் மைதானமான பொறளை சரவணமுத்து மைதானத்திலேயே 1982 பெப்ரவரியில் இலங்கை தனது முதலாவது டெஸ்ற் கிரிக்கெற் போட்டியில் ஆடியது. கொட்டாஞ்சேனையிலுள்ள புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி விளையாட்டில் நீண்ட மரபுடையது. அதற்கு அண்மையில், கொழும்பு மாநகர முதல்வராகவும் விளையாட்டுத்துறை அமைச்சராகவும் விளங்கிய வி. ஏ. சுகததாசவின் பெயரைத் தாங்கிய விளையாட்டரங்கு அமைந்துள்ளது. 1991 இலும் 2006 இலும் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் கொழும்பில் நடைபெற்றபோது அவ்வரங்கு நாட்டின் கண்களை ஈர்த்து நின்றது.

எனினும் அரங்கின் அருகில் வாழ்வதும் விளையாட்டின் அருகில் வாழ்வதும் ஒன்றல்ல. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே நெருக்குண்ட வெள்ளவத்தையில் தனி வீடுகளின் இடத்தை அடுக்குமாடிகள் பிடித்துவிட்டன. பிள்ளைகள் ஓடி விளையாடக் கடற்கரையோரத்துப் புகையிரதப் பாதையை அடுத்த மணற்பரப்பே எஞ்சியது. கொட்டாஞ்சேனையில் ஒழுங்கைகளே மைதானங்கள். மாலைப்பொழுது இரு இடங்களிலும் தனியார் கல்வி நிலையங்களுக்கு உரியது. பாடசாலை விட்டதும் ரியூசன், ரியூசன் முடிந்ததும் வீட்டுப்பாடம் என்னும் ஒழுங்கில் விளையாட்டுக்கு நேரம் ஒதுக்குவது பெற்றோரின் கண்ணில் விரயமாகவே படுகின்றது.

இம்மனப்பாங்கைப் பெற்றோரின் குறுகிய நோக்கு என ஒதுக்கிவிடுதல் முறையன்று. 1983 யூலையின் வன்செயல்களை இவ்விரு பகுதிகளும் அனுபவித்தன. பின்வந்த போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளும் சுற்றிவளைப்புகளும் அன்றாட நிகழ்வுகளாயின. 2007 யூன் மாதத்தில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டமையும், உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்தியமையும் மறக்கற்பாலன அல்ல. இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வெளியே நிற்பதே அச்சத்துக்குரியதாக இருந்த காலத்தில், 'வெளியே போய் விளையாடு' என எந்தத் தாயும் சொல்லியிருக்கமாட்டாள். அத்துடன், நிலமும் வீடும் அழியலாம், கற்ற கல்வி அழியாது என்னும் முடிவுக்கு வந்த சமூகம் மருத்துவம், பொறியியல், கணக்கியல் போன்ற, எந்நாட்டிலும் செல்லுபடியாகும் தகைமைகளையே பாதுகாப்பாகக் கருதிற்று. அச்சத்திற் பிறந்த அத்தெரிவு அச்சம் தணிந்த பின்னரும் பழக்கமாக எஞ்சியுள்ளது.

இச்சூழலிலிருந்து வரும் ஒரு மாணவியை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்வோம். அவள் கொட்டாஞ்சேனைப் பாடசாலையொன்றின் வலைப்பந்தாட்ட அணியின் தலைவி. தந்தை புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கின்றார். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவிற் கற்றவளுக்கு மருத்துவத்துக்குரிய இசற் புள்ளி கிடைக்கவில்லை. விளையாட்டு விஞ்ஞானத்துக்கு இடம் கிடைக்கின்றது. உறவினர் எழுப்பும் முதல் வினா 'படித்து முடித்தால் என்ன வேலை?' என்பதாகும். இரண்டாவது வினா, பெண்பிள்ளையைப் பெலிஹுல்ஓயாவுக்குத் தனியே அனுப்புவதா என்பது. மூன்றாவதை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மைதானத்தில் நிற்கும் தொழில் மணப்பேச்சைப் பாதிக்குமோ என்பதே அது. இம்மூன்று வினாக்களுக்கும் விடை சொல்லிக்கொண்டே அவள் நான்கு ஆண்டுகளைக் கடக்க வேண்டியுள்ளது. உடன் பயிலும் ஆண் மாணவனுக்கு முதலாவது வினா மட்டுமே எழுகின்றது.

5. பட்டம் இட்டுச்செல்லும் பாதைகள்

இத்துறைப் பட்டதாரி செல்லக்கூடிய பாதைகளை ஐந்தாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, ஆசிரியத் தொழில். சுகாதாரமும் உடற்கல்வியும் என்னும் பாடம் எமது பாடசாலைக் கலைத்திட்டத்தில் நிலையான இடத்தைப் பெற்றுள்ளது. எனவே இதுவே பெரும்பாலானோரின் எதிர்பார்ப்பாக அமைவது இயல்பு. ஆயினும் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் உடற்கல்வியைச் சிறப்பாகப் பயின்ற டிப்ளோமாதாரரும் இதே பதவிகளுக்கு உரியவர்கள். பட்டதாரிக்கு நியமனம் கிடைத்தாலும், பரீட்சை நெருங்குகையில் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ விட்டுக்கொடுக்கும் வழக்கம் அவரை வரவேற்கும்.

இரண்டாவது, அரச சேவை. பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தர்கள் பணிபுரிகின்றனர். விளையாட்டுத்துறை அமைச்சின் கீழுள்ள நிறுவனங்களிலும் சில பதவிகள் உண்டு. 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த ஊக்கமருந்துத் தடுப்புப் பணியும் பயிற்சி பெற்றவர்களை வேண்டுவது. எனினும் வேலையற்ற பட்டதாரிகளை அரசு அவ்வப்போது மொத்தமாக உள்வாங்கும்போது அவர்கள் கற்ற துறை பெரும்பாலும் கருத்திற் கொள்ளப்படுவதில்லை. உயிர்ப்பொறிமுறையியல் கற்றவர் ஓர் அலுவலக மேசையில் கோவைகளை அடுக்க நேரிடுகின்றது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அவ்வாறான உள்வாங்கலும் எளிதானதாக இல்லை.

மூன்றாவது, முப்படைகள், பொலிசு, வங்கிகள், பெரு நிறுவனங்கள் ஆகியன. இவை திறமையுள்ள வீரர்களைச் சேர்த்துக்கொள்வது நீண்டகால வழக்கம். ஆனால் இங்கு விலை பெறுவது வீரரின் திறமையே அன்றி அவரது பட்டம் அன்று. மேலும், படைகளை நோக்கிய பாதை தமிழ் இளைஞரைப் பொறுத்தவரை வரலாற்றுக் காரணங்களால் நடைமுறையில் மூடிய பாதையாகவே இருந்து வந்துள்ளது. மெய்வல்லுநர் துறையின் முன்னணி வீரர் பலரும் படைக் கழகங்களைச் சார்ந்திருப்பதைக் காணும்போது, இம்மூடிய கதவு எத்துணைப் பெரியது என்பது விளங்கும்.

நான்காவது, தனியார் துறை. உடற்பயிற்சி நிலையங்கள் கொழும்பில் பெருகிவிட்டன. வெள்ளவத்தையும் அதற்கு விலக்கன்று. நீரிழிவும் இருதய நோயும் பரவிவரும் நகரில் இதற்குத் தேவை உண்டு. ஆயினும் பயிற்றுநராகப் பணிபுரியப் பட்டம் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லாமையால், திரண்ட புயங்களே தகுதிச் சான்றிதழாகி விடுகின்றன. நான்காண்டு கற்றவரும் சில வாரப் பயிற்சி பெற்றவரும் அங்கு ஒரே வேதனத்துக்குப் போட்டியிடுகின்றனர்.

ஐந்தாவதே இப்பட்டத்தின் மெய்யான இலக்கு: வீரரின் பயிற்சிச் சுமையைத் திட்டமிடுபவர், அசைவைப் பகுப்பாய்பவர், உளவியலாளர், போசாக்கு ஆலோசகர், ஆய்வாளர் என்னும் விஞ்ஞானப் பணி. மாணவரின் அவா பெரும்பாலும் இதனையே நாடுகின்றது. ஆனால் இப்பணிக்குரிய இருக்கைகளே இங்கு மிகச் சில. 2022 யூலையில் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, 10 செக்கன் எல்லையைக் கடந்த முதலாவது தெற்காசியராகத் திகழ்ந்த யுபுன் அபேகோன் இத்தாலியில் வசித்துப் பயிற்சி பெற்றவர். ஓடியவர் எம்மவர், அவரை ஓடவைத்த விஞ்ஞானச் சூழல் பிற நாட்டினது. விஞ்ஞானம் பயின்ற பட்டதாரி நாட்டிலே வேலை தேடி நிற்க, வீரர் விஞ்ஞானத்தைத் தேடி நாட்டைவிட்டுப் போகின்றார். இம்முரண்பாடே பிரச்சினையின் உட்கருவாகும்.

6. தேவையும் கேள்வியும்

இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ளப் பொருளியலின் எளிய வேறுபாடு ஒன்று உதவும். தேவை வேறு, கேள்வி வேறு. பணம் கொடுத்து வாங்கும் ஆற்றல் பின்னிற்கும் தேவையே கேள்வியாகின்றது. மலையகத்துத் தோட்டப் பாடசாலைக்கும், வன்னிப் பாடசாலைக்கும், கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் பந்து உதைக்கும் சிறுவனுக்கும் உடற்கல்வி தெரிந்த ஆசிரியர் தேவை. வெப்பத்தில் ஈரப்பதன் மிக்க காலநிலையில் நாள்முழுதும் உழைக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் உடற்றொழிலியல் அறிவின் பயன் தேவை. ஆனால் இவர்கள் எவரும் அச்சேவையை விலைக்கு வாங்கமாட்டாதவர்கள். அவர்களுக்காக வாங்க வேண்டியது அரசும் பொது நிறுவனங்களுமேயாம். அவை வாங்காதவரை, தேவை மிகுந்த நாட்டில் கேள்வியற்ற பட்டதாரி என்னும் நிலை தொடரும்.

இரண்டாவது காரணம், தொழிலுக்குரிய சட்ட அங்கீகாரத்தின் குறைபாடு. மருத்துவரும் இயன்மருத்துவரும் பதிவு பெற்ற தொழிலாளர். அவர்களது பணியெல்லை வரையறுக்கப்பட்டுள்ளது. விளையாட்டு விஞ்ஞானிக்கு அத்தகைய வேலி இல்லை. வேலி இல்லாத தோட்டத்தில் எவரும் நுழையலாம். தோட்டக்காரர் வெளியே நிற்கவும் நேரலாம்.

மூன்றாவது, நிருவாகத்தின் நிலை. 2023 சனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தைப் பீபா இடைநிறுத்தியது. அத்தடை அவ்வாண்டு ஓகஸ்ற் வரை நீடித்தது. அதே ஆண்டு நவம்பரில் சர்வதேசக் கிரிக்கெற் சபை இலங்கைக் கிரிக்கெற் நிறுவனத்தை இடைநிறுத்தி, 2024 சனவரியில் தடையை நீக்கியது. சங்கங்களின் நிருவாகத்தில் அரசியற் செல்வாக்கும் உட்பூசலும் மேலோங்கும்போது, அறிவின் அடிப்படையில் ஆட்களைத் தெரியும் மரபு அங்கு வேரூன்றுவது கடினம். இச்செய்திகளை நாளேட்டில் படிக்கும் மாணவர், 'செய்தால் என்ன கிடைக்கும்?' என்னும் வினாவுக்கான தமது விடையை மேலும் தாழ்த்திக்கொள்கின்றார்.

நான்காவது, மொழி. பல்கலைக்கழகத்தில் இத்துறையின் கல்வி பெருமளவு ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. கற்றதைச் செயற்படுத்த வேண்டிய களமோ தமிழ்மொழிப் பாடசாலையும் தமிழ்ப் பேசும் கழகமுமாகும். தசைநார்க் காயத்துக்கும் சக்திப் பரிமாற்றத்துக்கும் தெளிவான தமிழ்ச் சொல்லும், அச்சொற்களைக் கையாளும் நூலும் குறைவாக இருக்கையில், பட்டதாரி தம் சமூகத்துக்குள்ளேயே அந்நியராகின்றார். இங்கு குறை மொழியினது அன்று. அதனைப் பயன்படுத்த வேண்டிய எமதேயாகும்.

7. முன்மாதிரிகள் கூறும் பாடம்

எதிர்பார்ப்பை உயர்த்துவதில் முன்மாதிரிகளின் பங்கு பெரிது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேணிலும் ஒலிம்பிக் உயரம் பாய்தலிற் பங்குகொண்டார். 1958 இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டியவரும் அவரே. அமெரிக்காவில் உயர்கல்வி கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்வியாளராகவும் பணியாற்றினார். விளையாடினால் படிப்புக் கெடும் என்னும் எமது சமூகத்தின் முதுமொழிக்கு அவர் வாழ்வே மறுப்பாக நின்றது. அண்மைக் காலத்தில் வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் வடக்கின் கிராமமொன்றிலிருந்து எழுந்து, 2009 இலும் 2018 இலும் ஆசிய வாகையராகிய தேசிய அணியின் தூணாக விளங்கினார். அவுஸ்திரேலிய உள்ளூர்ப் போட்டித் தொடரிலும் ஆடினார்.

எனினும் முன்மாதிரிகளைப் பற்றி நாம் ஓர் எச்சரிக்கையையும் கூற வேண்டும். அசாதாரணமானவர் வென்றார் என்பது, சாதாரணமானவருக்கு வழி உண்டு என்பதற்குச் சான்றாகாது. இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட உயரமோ, ஒலிம்பிக் தரத் திறமையோ இல்லாத நூற்றுக்கணக்கான மாணவருக்கு வேண்டியது வீரகதையன்று, நியமனக் கடிதம். தனிமனித வெற்றியைப் புகழ்ந்து அமைப்பின் தோல்வியை மறைப்பது எமது மேடைகளின் பழைய பழக்கம்.

8. செய்யற்பாலன

அவாவுக்கும் வாய்ப்புக்கும் இடையிலான இடைவெளியைக் குறைக்க இரு வழிகள் உண்டு. மாணவரின் எதிர்பார்ப்பைத் தாழ்த்துவது ஒன்று; வாய்ப்பை உயர்த்துவது மற்றொன்று. 'கிடைத்த வேலையைச் செய்' என்னும் அறிவுரை முதலாவது வழியைச் சார்ந்தது. இவ்வறிவுரை வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் வழங்கப்படுகின்றது என்பதே அதன் வர்க்கச் சார்பைக் காட்டப் போதுமானது. நாம் இரண்டாவது வழியையே வற்புறுத்துகின்றோம்.

அதற்கான முதற்படி, ஒவ்வொரு பட்டத்துக்கும் உரிய பதவிகள் எவை என ஆட்சேர்ப்பு ஒழுங்குகளில் தெளிவாகக் குறிப்பிடுவதாகும். விளையாட்டு உத்தியோகத்தர், பயிற்றுநர், ஆய்வு உதவியாளர் ஆகிய பதவிகளுக்கு இத்துறைப் பட்டதாரிகளுக்கு முதன்மை அளிக்கப்படல் வேண்டும். இரண்டாவதாக, தகைமையுடைய பயிற்றுநரைப் பதிவு செய்யும் சட்டபூர்வமான அமைப்பொன்று தேவை. இது பட்டதாரியின் வேதனத்தை மட்டுமன்றி, தவறான பயிற்சியால் மூட்டையும் முள்ளந்தண்டையும் கெடுத்துக்கொள்ளும் பொதுமக்களையும் காக்கும். மூன்றாவதாக, பல்கலைக்கழகங்கள் தமது பட்டதாரிகள் எங்குச் சென்றனர் என்பதை ஆண்டுதோறும் வெளியிட்டுப் புதிய மாணவருக்கு அறிவிக்க வேண்டும். அறிந்து தெரிவு செய்வதற்கான உரிமை மாணவருக்கு உண்டு.

நான்காவது பணி எமது கையிலேயே உள்ளது. வெள்ளவத்தையில் 1942 முதல் இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும், கொட்டாஞ்சேனைப் பகுதியின் சனசமூக அமைப்புகளும், பழைய மாணவர் சங்கங்களும் இலக்கிய விழாக்களை நடத்தும் அக்கறையுடன் உடலைப் பற்றிய அறிவையும் தமிழிற் பரப்பலாம். கலைச்சொற் பட்டறைகளை நடத்தலாம். பாடசாலை அணிகளுக்கு இத்துறை மாணவரைப் பயில்நிலை ஆலோசகராக இணைக்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் கிரிக்கெற் பெரும்போட்டிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி, ஒரு பாடசாலைக்கு ஒரு பட்டதாரிப் பயிற்றுநரின் வேதனமாக மாறக்கூடுமாயின், தேவை கேள்வியாகும் முதலாவது படி அங்கேயே எடுத்துவைக்கப்பட்டதாகும்.

9. முடிவுரை

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இந்நாட்டின் ஏழைப் பிள்ளைக்கும் அவாவும் உரிமையை வழங்கிற்று. அவ்வுரிமை எதிர்பார்க்கும் உரிமையாக நிறைவு பெறாதவரை அப்பணி முற்றுப்பெறவில்லை. நாம் கற்பனை செய்த கொட்டாஞ்சேனை மாணவி பட்டம் பெற்று வீடு திரும்பும் நாளில், அதே உறவினர் மீண்டும் அதே வினாவைக் கேட்பர்: 'என்ன வேலை?' அவ்வினாவுக்கு விடையளிக்க வேண்டிய பொறுப்பை இதுகாறும் அவள் தோளிலேயே சுமத்தி வந்துள்ளோம். கற்றவள் அவள், கற்பித்தது சமூகம். விடை கூறும் கடமையிற் பெரும்பங்கு சமூகத்துக்கே உரியது.